யான்சி கவுண்டியில் ஐந்து ஏக்கர்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது. அமெரிக்காவின் வட கரோலினாவில், கேரி நகரில் வேலை, நான்கு பேர் குடும்பம். மேற்கே சுமார் நான்கு மணி நேரத் தொலைவில், யான்சி கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) மலையில் ஐந்து ஏக்கர் விலைக்கு வருகிறது. விளம்பரத்தில் 'வற்றாத ஓடை, சமமான நிலம், தார்ச்சாலை ஓரம்' என்று இருக்கிறது. புயலோ நீண்ட மின்வெட்டோ வந்தால் அங்கே மூன்று மாதம் தாக்குப்பிடிக்க முடியுமா? பின்னாளில் குடியேறி, பாதிச் சாப்பாட்டையாவது சொந்த மண்ணில் விளைவிக்க முடியுமா?

முடியும். ஆனால் 'யான்சி நல்ல கவுண்டியா' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. 313 சதுர மைல் பரப்பு, 2020 கணக்கெடுப்பில் 18,470 பேர். தெற்கு எல்லையில் 6,684 அடி உயர மவுன்ட் மிட்செல். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. வடக்கே டோ ஆறும் கேன் ஆறும் சேர்ந்து நாலிசக்கி ஆறாக மாறும் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் கிடக்கிறது. ஒரே கவுண்டிக்குள் இத்தனை ஏற்ற இறக்கம் என்றால் உறைபனி, வெயில், தண்ணீர், மண் எல்லாமே மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் வேறு. எடை போட வேண்டியது அந்த ஐந்து ஏக்கரை மட்டும்தான்.

அந்த விளம்பரத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஓடை, சமநிலம், சாலை மூன்றும் ஒரே இடத்தில். இந்த மலையில் ஒரு நிலம் சமமாக இருக்கிறது என்றால், எதுவோ வந்து அதைச் சமமாக்கியிருக்கிறது. ஒன்று ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். இல்லையென்றால் மேலிருந்து சரிந்து இறங்கிய மண்ணும் பாறையும். தற்சார்புக்குத் தேவையான தண்ணீரும் நல்ல மண்ணும் பாதையும் எங்கே இருக்கின்றனவோ, வெள்ளமும் அங்கேதான் வரும். இங்கே இடம் பார்ப்பதன் சிக்கல் முழுக்க இதில் அடங்கிவிடுகிறது.

2024 செப்டம்பர் 27 அன்று வந்த ஹெலீன் புயல் இந்தக் கவுண்டிக்கு வைத்த பரீட்சை. புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மழை தொடங்கி மண் ஊறிப்போயிருந்தது. கவுண்டியின் தென்பகுதியில் உள்ள பியூசிக்கில் மொத்தம் 30.78 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 780 மில்லிமீட்டர் பதிவானது. மவுன்ட் மிட்செலில் காற்று மணிக்கு 106 மைல் வரை வீசியது. ஆகவே விற்பவரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. அன்று தண்ணீர் எதுவரை வந்தது? சாலை எத்தனை நாளில் திறந்தது? மின்சாரம், போன் எத்தனை நாளில் திரும்பின? மூன்றுக்கும் தேதியோடு பதில் வாங்குங்கள். விற்பவர் மழுப்பினால் நிலமே சொல்லும். ஓடையோர மரங்களில் ஆள் உயரத்தில் சிக்கிய சருகும் பிளாஸ்டிக்கும், பட்டை உரிந்த தண்டுகள், புல்லுக்குக் கீழே புது மணல் படலம், பளபளக்கும் புது மதகுக் குழாய், நேற்றுக் கொட்டியது போன்ற ஜல்லி. இவற்றில் இரண்டு தென்பட்டாலும் தண்ணீர் வந்துபோன இடம்தான்.

மாநில அரசின் வெள்ள அபாய வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கட்டாயம் பாருங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் பெரிய ஆறுகளுக்கு உரியவை. ஒரு சதுர மைலுக்கும் குறைவான நீர்ப்பிடிப்புள்ள சின்ன ஓடைகள் பல அவற்றில் ஏறுவதில்லை. 'வெள்ளப் பகுதி இல்லை' என்று வரைபடம் காட்டினால், யாரும் அளக்கவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். வீடு கட்டும் இடம் ஓடை மட்டத்திலிருந்து 20 அடியாவது உயரத்தில் அமையாவிட்டால் நான் அந்த நிலத்தை விட்டுவிடச் சொல்வேன். இது சட்டமல்ல, என் கணிப்பு.

தண்ணீரைவிட மோசமானது மண்சரிவு. செங்குத்தான ஒரு மடிப்பு கீழே வந்து அகலமாக விரியும் வாயில், விசிறி வடிவத்தில் மேடுபள்ளமான நிலம் இருக்கும். அதில் குண்டுக்கல்லும் சிறுகல்லும் மண்ணும் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும். ஆறு கொண்டுவந்த கல் உருண்டு வழவழப்பாகி, அளவுவாரியாகப் படிந்திருக்கும். சரிவு கொண்டுவந்த கல்லுக்கு முனை மழுங்கியிருக்காது. ஓடை கரையை அறுத்திருக்கும் இடத்தில் நின்று அந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள். கார் அளவுப் பாறை மண்ணுக்குள் மிதப்பது போலத் தெரிந்தால், அந்த மடிப்பு முன்பு ஒருமுறை இறங்கி வந்திருக்கிறது. இன்னொரு முறையும் வரும். இதே மலைத்தொடரில், மேக்கன் கவுண்டியின் பீக்ஸ் க்ரீக்கில் 2004 செப்டம்பரில் நடந்தது இதுதான். ஐந்து பேர் இறந்தார்கள். மாநில நிலவியல் துறை பல மலைக் கவுண்டிகளுக்கு மண்சரிவு வரைபடங்கள் தயாரித்திருக்கிறது. உங்கள் பகுதிக்கு இருந்தால், உங்கள் நிலத்தோடு அதற்கு மேலே உள்ள முழு மடிப்பையும் அதில் பாருங்கள். இலையுதிர்ந்த பிறகு போனால் சரிவின் தழும்புகள் கண்ணுக்கே தெரியும்.

காப்பீடு இதில் கைகொடுக்காது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. தனியாக எடுக்கும் வெள்ளக் காப்பீடு சேற்று வெள்ளம் வரை வரும், மண்சரிவுக்கு வராது.

அடுத்தது பாதை. கவுண்டியின் தலைநகரான பர்ன்ஸ்வில்லிலிருந்து வெளியேற வரைபடத்தில் நிறைய வழி தெரியும். மேற்கே 19ஈ நெடுஞ்சாலை வழியாக ஐ-26 விரைவுச்சாலை, கிழக்கே அதே சாலையில் ஸ்ப்ரூஸ் பைன், தெற்கே 80ஆம் சாலையில் மேரியன், வடமேற்கே 19டபிள்யூ பிடித்து டென்னசி. கூர்ந்து பார்த்தால் 80ஆம் சாலை தென் டோ ஆற்றங்கரையிலும் 19டபிள்யூ கேன் ஆற்றங்கரையிலும் ஓடுகின்றன. ஆறு பொங்கினால் அவை சேர்ந்தே போகும். உங்கள் வாசலிலிருந்து 19ஈ வரை எத்தனை பாலம், எத்தனை மதகு என்று எண்ணுங்கள். அவற்றில் தனியார் பாலம் எத்தனை? தனியார் சாலையென்றால் எழுத்திலுள்ள பராமரிப்பு ஒப்பந்தம் உண்டா? பாலம் போனால் யார் காசு போடுவது? பழைய ரயில் பெட்டியின் அடிச்சட்டத்தை ஓடைமேல் போட்ட பாலங்கள் இந்தப் பக்கம் சகஜம். தீயணைப்பு வண்டியின் எடையைத் தாங்காது என்று அவற்றில் ஏற மறுப்பதும் உண்டு. வண்டிப்பாதையின் ஏற்றம் நூறு அடிக்கு 15 அடியைத் தாண்டினால், அதுவும் வடக்குச் சரிவில் இருந்தால், ஜனவரியில் பனிக்கட்டி நாள்கணக்கில் உருகாது.

தண்ணீருக்கு இரண்டு வழி: ஊற்று, ஆழ்துளைக் கிணறு. முடிந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மேலே ஊற்று இருந்தால் மின்சாரமே வேண்டாம். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் தானாகக் கிடைக்கும். ஊற்றை மழைக்காலத்தில் அளந்து ஏமாறாதீர்கள். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, ஒரு வாரம் மழையில்லாத பிறகு, 20 லிட்டர் பக்கெட்டை வைத்து நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 100 விநாடி எடுத்தால்கூட ஒரு நாளைக்கு 17,000 லிட்டருக்கு மேல், குடும்பத்துக்குத் தாராளம். கூடவே, 2007-08 வறட்சியிலும் 2016 இலையுதிர்கால வறட்சியிலும் அந்த ஊற்று ஓடியதா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். ஊற்றுத்தொட்டி கட்டினால் மேற்புறம் மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால், இறுக்கமான மூடி, வலை போட்ட வழிவுக்குழாய் மூன்றும் அவசியம். வாய்க்கால் இல்லாத ஊற்றில் கனமழை பெய்த மறுநாள் கலங்கல் வரும். அதோடு மாட்டுச்சாணக் கிருமியும் வரும்.

ஆழ்துளைக் கிணறு இங்கே பாறை வெடிப்பில்தான் தண்ணீர் பிடிக்கும். அதனால் பக்கத்து வீட்டில் 150 அடியில் கிடைத்தது உங்களுக்கு 500 அடியிலும் கிடைக்காமல் போகலாம். ஏற்கெனவே கிணறு இருந்தால் தோண்டியவரின் பதிவை வாங்கி, ஆழம், நிமிடத்துக்கு எத்தனை கேலன், நிலைநீர் மட்டம் (பம்பு ஓடாதபோது தண்ணீர் நிற்கும் மட்டம்) மூன்றையும் பாருங்கள். விற்பவர்கள் ஆழத்தை மட்டும் பெருமையாகச் சொல்வார்கள். மின்சாரம் போன நாளில் கைகொடுப்பது நிலைநீர் மட்டம். 6 அங்குலக் குழாயில் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கேலன் நிற்கும். 300 அடிக் கிணற்றில் தண்ணீர் 100 அடியில் நின்றால் 300 கேலன், அதாவது 1,100 லிட்டருக்கு மேல் உங்கள் காலடியில் சேமிப்பாக இருக்கிறது. கைப்பம்பு இறக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் நீளமான குழல் வாளியைக் கயிற்றில் இறக்கி இறைக்கலாம். கிணற்று மோட்டார் பெரும்பாலும் 240 வோல்ட். கடையில் மலிவாகக் கிடைக்கும் 2,000 வாட் ஜெனரேட்டரில் 120 வோல்ட்தான் வரும் என்பது புயல் அடித்த மறுநாள்தான் பலருக்குத் தெரியவருகிறது. வெள்ளநீர் கிணற்றுத் தலைக்கு மேல் ஏறியிருந்தால் குளோரின் போட்டு, பரிசோதனை முடிவு வரும்வரை ஒரு நிமிடம் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். டீசல், பெட்ரோல் கலந்த நீரை எவ்வளவு கொதிக்கவைத்தும் பயனில்லை.

வெயில் எவ்வளவு விழும் என்று நிலத்தை வாங்குமுன்பே கணக்குப் போட்டுவிடலாம். இந்த ஊர் ஏறத்தாழ 36 டிகிரி அட்சரேகை. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 31 டிகிரிக்கும் குறைவாகத்தான் ஏறும். தெற்கே 400 மீட்டர் தள்ளி 240 மீட்டர் உயர முகடு இருந்தால் அன்று வெயில் முற்றத்தைத் தொடவே தொடாது. தென்கிழக்கிலிருந்து தென்மேற்குவரை முகட்டின் கோணத்தை போன் செயலியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 'ஹாலர்' என்று உள்ளூரார் சொல்லும் ஒடுங்கிய மடிப்புகளில் குளிர்காலச் சூரிய மின்சாரம் வெறும் பேச்சு. அப்படிப்பட்ட இடத்தில் ஓடையிலிருந்து சிறு நீர்மின்சாரம் எடுக்க முடியுமா என்று பாருங்கள். 30 மீட்டர் வீழ்ச்சி, விநாடிக்கு 2 லிட்டர், பாதி இழப்பு என்று வைத்தாலும் சுமார் 290 வாட். இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 7 யூனிட். ஃபிரிட்ஜ், விளக்கு, ரேடியோ, போன் எல்லாம் அதில் அடங்கும். வெள்ளத்தில் முதலில் போவதும் அதன் நீர்வாய்தான் என்பதால் குழாயும் வலையும் ஒரு செட் உபரியாக இருக்கட்டும்.

சூடேற்றுவதற்கு விறகு. விறகை அளக்கும் 'கார்டு' (cord) என்றால் 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் அடுக்கிய விறகு, 128 கன அடி. ஓரளவு காப்பிட்ட வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு நான்கைந்து கார்டு போகும். ஓக் மரத்தைப் பிளந்து இரண்டு வருடம் காயவிட வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புகைபோக்கிக்குள் தார் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும். ஆக, குடியேறும் வருடத்து விறகை நீங்கள் இன்றே வெட்டியிருக்க வேண்டும். ஹெலீனில் விழுந்த மரங்கள் இன்னும் காட்டில் காய்ந்து கிடக்கின்றன. அதை இலவச விறகு என்று மட்டும் நினைக்காதீர்கள், காட்டுத்தீக்கும் அதுதான் எரிபொருள். 2025 மார்ச்சில் தெற்கே போக் கவுண்டியில் பிளாக் கோவ் தீ பரவியபோது அப்படித்தான் எரிந்தது. வீட்டைச் சுற்றி 30 அடியாவது சுத்தமாக வையுங்கள்.

இனிச் சாப்பாடு. ஒருவருக்கு நாளைக்கு 2,000 கலோரி, அதில் பாதி தோட்டத்திலிருந்து என்றால் வருடத்துக்கு 3,65,000 கலோரி. உருளைக்கிழங்கு கிலோவுக்கு 770 கலோரி தரும். 474 கிலோ வேண்டும். சதுர மீட்டருக்கு 2 கிலோ விளைந்தால் ஒருவருக்கு 237 சதுர மீட்டர், நால்வருக்குக் கால் ஏக்கரை ஒட்டி வரும். யாரும் கிழங்கை மட்டும் தின்று வாழப்போவதில்லை. சோளம், பீன்ஸ், பூசணி, முட்டைக்கோஸ், பயிர் மாற்றுவதற்கு இடம் எல்லாம் சேர்த்தால் அரை ஏக்கர் நல்ல மண் தேவை. நூறு அடிக்கு 15 அடிக்கு மேல் சரியும் நிலத்தை உழுதால் இரண்டு கோடைமழையில் மேல்மண் ஓடையில் இருக்கும். ஐந்து ஏக்கரில் உழத்தக்க அரை ஏக்கரைக் குச்சி நட்டு அளந்து பாருங்கள்; பல நிலங்களில் அது தேறாது. ஓடைச் சமவெளியில் தோட்டம் போடலாம், தப்பில்லை. வெள்ளம் வந்தால் ஒரு வருட விளைச்சல் போகும், உயிர் போகாது. வீடு மேலே, தோட்டம் கீழே.

உறைபனிக்கு ஒரு நுணுக்கம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் சரிவின் நடுப்பகுதி அடிவாரத்தைவிடக் கதகதப்பாக இருக்கும். ஆப்பிள், பீச் வைப்பதானால் அங்கே வையுங்கள். தக்காளிக்கும் சில வாரம் கூடுதலாகக் கிடைக்கும். முகடு ஏறிவிட்டால் இந்தச் சலுகை இல்லை.

மண் இங்கே இயல்பிலேயே புளிப்பு. பர்ன்ஸ்வில்லில் உள்ள வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் மண் மாதிரிப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம். மாநில ஆய்வகம் ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை இலவசமாகச் சோதித்துத் தரும், குளிர்கால மாதங்களில் சிறு கட்டணம். சுண்ணாம்பு மெதுவாகத்தான் கரையும் என்பதால் இலையுதிர்காலத்திலேயே போடுங்கள். அந்தச் சோதனையில் தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லி அடித்திருந்தால் அது புல்லில் தங்கி, மாட்டின் வயிற்றையும் தாண்டி, சாணத்திலும் வைக்கோலிலும் உயிரோடு இருக்கும். அந்த எருவைப் போட்டால் தக்காளி, பீன்ஸ், உருளையின் தளிர் சுருண்டு பெரணி இலைபோல் முறுக்கிக்கொள்ளும். பக்கத்துப் பண்ணைக்காரர் அன்பாக ஒரு லோடு எரு தந்தால், அதை மண்ணோடு கலந்து ஐந்தாறு தொட்டியில் பீன்ஸ் போட்டு மூன்று வாரம் பாருங்கள். எரு கலக்காத தொட்டி இரண்டு பக்கத்தில் இருக்கட்டும். இலை விரிந்து நன்றாக வந்தால் மட்டுமே தோட்டத்தில் ஏற்றுங்கள். மானுக்கு 8 அடி வேலி, கரடிக்கு மின்வேலி; தேன்பெட்டி வைக்க ஆசையென்றால் மின்வேலியைப் பெட்டிக்கு முன் வாங்குங்கள்.

விளைந்ததைப் பாதுகாப்பதில் நம்மவர்கள் குறிப்பாகத் தவறும் இடம் ஒன்று. பீன்ஸ், சோளம், கிழங்கு, பருப்பு, இறைச்சி போன்ற புளிப்பில்லாத பொருள்களைக் கண்ணாடி ஜாடியில் அடைக்கக் கொதிநீர் போதாது. 2,800 அடியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி உணவு நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்து அதில் சாகாது. அதற்கு 'பிரஷர் கேனர்', அதாவது ஜாடிகளை அழுத்த ஆவியில் சூடாக்கும் பெரிய பாத்திரம் வேண்டும். நம் வீட்டுக் குக்கரும் 15 பவுண்டு அழுத்தம்தானே என்று அதில் ஜாடியை வைக்கக் கூடாது. சின்னப் பாத்திரம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். சோதித்து நிர்ணயித்த நேரக்கணக்கில் அந்த ஏறும் நேரமும் ஆறும் நேரமும் சேர்த்தி. குறைந்தது நான்கு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) ஜாடி நிற்கக்கூடிய கேனர்தான் கணக்கில் வரும். பச்சை பீன்ஸுக்குப் பைன்ட் (அரை குவார்ட்) ஜாடி 20 நிமிடம், குவார்ட் 25 நிமிடம். முள் காட்டும் கேனரில் 2,000 அடிக்கு மேல் 12 பவுண்டு, 4,000 அடியைத் தாண்டினால் 13. வெயிட் போடும் கேனரில் 1,000 அடிக்கு மேல் எப்போதும் 15. வெயிட் போடுமுன் பத்து நிமிடம் ஆவியை வெளியேவிட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் முள் சரியாகக் காட்டினாலும் சூடு குறைவாக இருக்கும்.

முதல் மூன்று மாதத்தைத் தோட்டத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். நால்வருக்கு 90 நாள்: ஆளுக்கு 300 கிராம் வீதம் அரிசி 108 கிலோ, பருப்பு 27 கிலோ, எண்ணெய் 11 லிட்டர். இது ஆளுக்கு 1,600 கலோரி; மீதிக்குக் கிழங்கு, சர்க்கரை, பால்பவுடர். 5 கேலன் பக்கெட்டுக்கு 15 கிலோ அரிசி பிடிக்கும், எட்டு பக்கெட் போதும். காற்றுப் புகாத மைலார் பைக்குள் ஆக்சிஜன் உறிஞ்சி போட்டு மூடிய வெள்ளை அரிசி குளிர்ந்த இடத்தில் பல வருடம் கெடாது. கைக்குத்தல் அரிசி ஆறே மாதத்தில் சிக்கடிக்கும். உப்பு, சர்க்கரையில் உறிஞ்சியைப் போட்டால் கல்லாகிவிடும். முழுப்பயறு பழசானால் எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது, உடைத்த பருப்பு வாங்குங்கள்.

தகவல்தொடர்பு: ஹெலீனுக்குப் பிறகு இங்கே செல்போன் நாள்கணக்கில் செத்துக் கிடந்தபோது உயிரோடு இருந்தது மவுன்ட் மிட்செலின் 145.190 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர், அதாவது சின்ன ரேடியோக்களின் சிக்னலை வாங்கி வலுவாகத் திரும்ப அனுப்பும் நிலையம். கேட்க உரிமம் வேண்டாம். பேச டெக்னீஷியன் தேர்வு எழுத வேண்டும்: 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் போதும். தேர்வே வேண்டாம் என்றால் ஜிஎம்ஆர்எஸ் என்ற பொது ரேடியோ சேவைக்கான உரிமம் 35 டாலர், பத்து வருடம், குடும்பம் முழுவதற்கும். ஆனால் கையடக்க ரேடியோ முகட்டைத் தாண்டாது. உங்கள் நிலத்தில் நின்று ரிப்பீட்டர் கேட்கிறதா என்று வாங்குமுன்பே சோதியுங்கள். மின்சாரம் இல்லாத பங்க்கில் பெட்ரோல் வராது, கார்டு இயந்திரமும் ஓடாது. சில்லறை நோட்டாகப் பணம் வையுங்கள்.

மருத்துவமனை ஸ்ப்ரூஸ் பைனில்; அங்கே 2017க்குப் பிறகு பிரசவம் பார்ப்பதில்லை. பெரிய சிகிச்சை எல்லாம் ஆஷ்வில்லில். மூடுபனியில் ஹெலிகாப்டர் பறக்காது. வீட்டில் இதயநோயாளியோ டயாலிசிஸ் தேவைப்படுபவரோ இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்பேன்.

பேரம் முடிந்தால் வட கரோலினா ஒப்பந்தத்தில் ஆய்வுக்காலம் என்று ஒன்று வரும். அதற்குக் கொடுக்கும் பணம், நீங்கள் பின்வாங்கினால் திரும்பாது. அதனால் தொகையைக் குறைத்து, நாள்களை அதிகமாகக் கேளுங்கள். அந்த நாள்களில் முதலில் செய்ய வேண்டியது கவுண்டி சுகாதாரத் துறையில் செப்டிக் (வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி) அமைக்க மண் ஆய்வுக்கு விண்ணப்பிப்பது. வரிசை நீளமாக இருக்கும். மேட்டில் பாறை மட்டம் ஆழமில்லாமல் இருந்து அங்கே செப்டிக் கிடைக்காவிட்டால், வீட்டைக் கீழே அந்த அழகான சமநிலத்தில்தான் கட்டச் சொல்வார்கள். அந்தப் பதில் வந்த அன்றே ஒப்பந்தத்தை முறித்துவிடுங்கள், கொடுத்த பணம் போனாலும் சரி.